மெஷினுக்குப் போர்வை போர்த்திய நாள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் மாமாவும் அடுப்பும் இங்கே சுகம், நீயும் அங்கே சுகமாக இருக்க வேண்டும், சுகமாக இருந்தால்தான் நான் இதில் திட்டப்போவதைத் தாங்க முடியும். போன வாரம் உன் கம்பெனி அனுப்பிய சுற்றுலாக் கூட்டம் நம் பேக்கரிக்கு வந்து போனதே, எப்படி இருந்தது என்று நீ போனில் கேட்டதற்கு எல்லாம் நல்லபடியா நடந்துச்சு என்று அம்மா சொன்னாள். அது பொய். உன் மனசு நோகக் கூடாது என்று சொன்ன பொய். எனக்கு அந்தக் கவலை கிடையாது, அதனால் எழுதுகிறேன்.

முந்தின நாளே உங்கள் ஆள் ஒருவன் தொப்பி போட்டுக்கொண்டு வந்தான். மாவு பிசையும் மெஷின் கண்ணில் படக் கூடாதாம், கையால்தான் பிசைய வேண்டுமாம், விருந்தாளிகள் வந்து நின்ற பிறகுதான் அடுப்பு மூட்ட வேண்டுமாம், நான் பழைய சட்டை போட்டுக்கொள்ள வேண்டுமாம். என்கிட்ட இருக்கிறது எல்லாமே பழசுதான் தம்பி, உங்களுக்கு எந்தப் பழசு வேணும் என்று கேட்டேன். அவனுக்குச் சிரிக்கவும் தெரியவில்லை. நீ கேட்டுவிட்டாயே என்று மாமா மெஷினைத் தலையோடு கால் போர்வையால் மூடினார். விடிவதற்கு முன்னால் ஆஸ்பத்திரி சமையல்கட்டு அம்மா வழக்கம்போல் வார்டுக்கு ரொட்டி வாங்கக் கூடையோடு வந்தாள், அடுப்பு சில்லிட்டுக் கிடந்தது, மூலையில் போர்த்திக் கிடந்ததைப் பார்த்துவிட்டு யாராவது போயிட்டாங்களாண்ணே என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். இல்லம்மா, நம்ம ஊர் பொழைப்பை ஓகோன்னு ஆக்க ஆள் வர்றாங்க, அதான் ரொட்டி இல்லை என்றேன். அவள் என்ன செய்வாள், நோயாளிகள் காத்திருப்பார்களா, பெரிய கடையில் லாரியில் வந்து இறங்கும் பாக்கெட் ரொட்டியை வாங்கிக்கொண்டு போனாள். தினமும் நம்மிடம் பன் வாங்கும் பஸ் டிரைவர்களும் அங்கேயே போய்விட்டார்கள்.

வெயில் ஏறியபின் உங்கள் பஸ் வந்தது. அதன் இடுப்பைச் சுற்றி 'உள்ளூர்க்காரரை வாழ வைக்கும் பயணம்' என்று எழுதியிருந்தது. வாழ வைக்க வந்தவர்கள் உங்கள் ஓட்டலில் தூங்கி, உங்கள் ஓட்டலில் மூக்கு முட்டத் தின்று, உங்கள் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். அதுவரை இந்த ஊரில் அவர்கள் வாங்கியது காற்று ஒன்றைத்தான், அதையும் மூக்கைப் பொத்திக்கொண்டு வாங்கினார்கள். ஒருத்தர் ஆசையாக மாவு பிசைந்தார், படம் எடுத்து முடிந்ததும் அந்த மாவைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுக் கை கழுவினார். ஒரு அம்மா மாமாவிடம் நீங்கள் சந்தோஷமாக இருக்கிறீர்களா என்று கேட்டாளாம். நீங்க அடுப்பை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்னா சந்தோஷம்தான் என்றார் மாமா. தொப்பிக்காரன் அதை அவள் பாஷையில் என்ன என்று சொன்னானோ, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைசியில் ஒரே ஒரு பன்னுக்குப் பேரம் பேசி வாங்கி நாலு பேர் பிய்த்துத் தின்றார்கள். ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாய்கூட இவர்களைவிடத் தேவலை, அதற்குப் பசியாவது இருந்தது.

சைக்கிள் கடை மாடியில் ஒரு வெளியூர்க்காரர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். தினமும் காலையில் வரிசையில் நின்று பன் வாங்குகிறார், அறுந்த செருப்பை எங்கே தைக்கலாம் என்று கேட்டுப் போய்த் தைத்துக்கொள்கிறார், துணியை முனைக்கடையில் தேய்க்கக் கொடுக்கிறார். அவர் யாரையும் வாழ வைக்க வரவில்லை, பசிக்கிறது, வாங்குகிறார், அவ்வளவுதான். உங்கள் கம்பெனிக்கு இது விளங்க ஒரு கூட்டம் போட வேண்டியிருக்கும். இனி வாராவாரம் பஸ் அனுப்பப் போவதாகவும் நான் சம்மதம் சொன்னால் உனக்கு அங்கே மதிப்பு உயரும் என்றும் அம்மாவிடம் சொன்னாயாம். மகளே, நான் சம்மதிக்க மாட்டேன். ஒரு நாள் கூத்துக்கே ஆஸ்பத்திரி இப்போது பாதி ரொட்டியைப் பாக்கெட்டில் வாங்குகிறது, நாலு கூத்து ஆடினால் நான் நிஜமாகவே வேடிக்கைப் பொருள் ஆகிவிடுவேன். என்னைக் காட்டித்தான் உன் மதிப்பு உயர வேண்டும் என்றால் அந்த மதிப்பு கொஞ்சம் தாழ்ந்தே இருக்கட்டும். மெஷின் போர்வையை எடுத்தாயிற்று, அதே போர்வையை மாமா இப்போது போர்த்திக்கொண்டு தூங்குகிறார்.

இன்னொன்று, அம்மா சொல்லாதே என்றாள். உன் கம்பெனி பஸ்ஸில் நீ இல்லாமலா இருப்பாய் என்று அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். முந்தின நாள் சுட்டதில் உனக்குப் பிடித்த, ஓரம் கருகின பன் ஒன்றை எடுத்து முந்தானையில் மூடி வைத்திருந்தாள். இறங்கின ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள், டிரைவர் கதவைச் சாத்தின பிறகும் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தாள். அந்தப் பன்னைச் சாயங்காலம் நான்தான் தின்றேன்.

நல்லா இரு, தீர்க்காயுசா இரு, நேரத்துக்குச் சாப்பிடு. ஊர் ஊராக ஆள் அனுப்புகிறவளுக்கு நம் வீட்டு வழி மறந்திருக்காது. தொப்பிக்காரன் வேண்டாம், சாதா பஸ்ஸில் நீ மட்டும் வா. வரிசையில் ஆஸ்பத்திரி அம்மாவுக்குப் பின்னால் நில்.

மெஷினில் மாவு பிசையும்,
உன் அப்பா