உன் மகன் இனி சமத்து இல்லை

அன்பு மகன் யோரிட்டுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, மாரித், உன் மகன் வீபெ நான்கு பேரும் சுகம், அதுவும் சும்மா சுகமில்லை, ஊரைக் கூட்டிச் சொல்லும்படியான சுகம். நீயும் அந்தத் தூர்வாரும் கப்பலில் வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு, நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். கப்பல் போனில் பாதி வார்த்தை காற்றோடு போய்விடுகிறது, மீதியை நீ உன் இஷ்டத்துக்குப் புரிந்துகொள்கிறாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கடைசிப் பக்கத்தைப் புரட்டாமல் வரிசையாகப் படி. இது உன் வீட்டில் நடந்த யுத்தம், ஜெயித்தது உன் பெண்டாட்டி மாரித்.

பிள்ளை மூன்று வாரம் முந்திக்கொண்டு பிறந்துவிட்டான், உன்னால் கப்பலை விட்டு இறங்க முடியவில்லை, அதில் யார் மேலும் குற்றமில்லை. மாரித்தின் அம்மா இடுப்பு ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பதால் நான்தான் மாரித்தை இங்கே கூட்டிவந்து, முன்னறையில், தாதி குனியாமல் பார்க்கும்படி கட்டிலை மரக்கட்டைகள் மேல் உயர்த்திப் போட்டுப் படுக்கவைத்தேன். உன் அப்பா உடனே பரணிலிருந்து, பிள்ளை பிறந்த சேதியை ஊருக்குச் சொல்லும் மர நாரையை இறக்கி, கழுத்தில் பிள்ளையின் பெயரைக் கட்டி, வாசல் தோட்டத்தில் கால்வாயைப் பார்த்து நட்டுவைத்தார். நாரையைப் பார்த்தால் நம் ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா, அன்று சாயங்காலமே ஒவ்வொருவராக நேரம் கேட்டுப் போன் செய்தார்கள். பத்தரைக்கு ஒரு கூட்டம், இரண்டு மணிக்கு ஒரு கூட்டம், நாலரைக்கு ஒரு கூட்டம். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, காபி ஊற்றி, ரஸ்க்கில் வெண்ணெய் தடவி நீலச் சோம்பு மிட்டாய் தூவிக் கொடுத்துக் கொடுத்து என் கை ஓய்ந்தது. பிள்ளை கை மாறிக் கை மாறி வட்டம் சுற்றினான், ஒரு சிணுங்கல் இல்லை. கண்ணைத் திறக்காமல் தூங்கினான். வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டு, என்ன சமத்து, என்ன சமத்து. உன் கேஸ்கெ அத்தை அவனை மடியில் வைத்துக்கொண்டு, "நான் பெத்த மூணும் கூரை இடிஞ்சு விழற மாதிரி கத்தும். இது பாரு, பொம்மை மாதிரி. அப்பன மாதிரி இல்ல, நல்லவேளை" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். மாரித்தும் சிரித்தாள், ஆனால் பால் கொடுக்க வேண்டிய நேரம் தாண்டிக்கொண்டே போக, விருந்தாளிகள் காபியை முடிக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நேரம் கொடுத்து வரச்சொன்னவர்களை எழுப்பி அனுப்புவது நம் ஜனங்களுக்கு வராத காரியம். அவர்கள் போனபிறகு பிள்ளையை மார்பில் போட்டால் அவன் வாயைக்கூடத் திறக்கவில்லை, தூங்குகிற பிள்ளையை எழுப்பாதே என்று கேஸ்கெ சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

நம் வீட்டுக்குப் பிள்ளைப்பேற்றுத் தாதியாக வந்தவள் பெயர் சிப்ரிக். காலையில் வந்து தாயையும் பிள்ளையையும் பார்த்து, சாயங்காலம் போய்விடுவாள். நல்ல உயரம், உரத்த குரல், வேலை செய்யும்போது பேச்சு நிற்காது. பிள்ளையைத் துணித் தொட்டிலில் போட்டுத் தராசில் தொங்கவிட்டதும் முதல்முறையாக அவள் வாய் மூடியது. எடை குறையக்கூடிய அளவைத் தாண்டிக் குறைந்திருந்தது, முகமும் லேசாக மஞ்சள் பாய்ந்திருந்தது, ஈரத்துணி வேறு குறைச்சல். மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டு, மறுநாளும் இறங்கினால் ஆஸ்பத்திரிதான், அங்கே பாட்டில், தேவைப்பட்டால் குழாய் என்று நேராகச் சொல்லிவிட்டாள். அந்த நேரம் பார்த்து நீ போன் செய்தாய். "பாட்டில குடுத்துட்டா முடிஞ்சது, எதுக்கு இவ்ளோ அவஸ்தை" என்றாய். நீ நல்ல எண்ணத்தில்தான் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். பாட்டில் ஒன்றும் பாவமில்லை, எதிர் வீட்டு இரட்டையர்கள் பாட்டிலில் வளர்ந்து இன்று பனிச்சறுக்கில் கோப்பை வாங்குகிறார்கள். ஆனால் நீ மாரித்திடம், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கவில்லையே, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். போனை வைத்துவிட்டு அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். கேஸ்கெ வேறு முந்தினநாள் அடுக்களையில், "நீச்சல் சொல்லிக்குடுக்கற பொண்ணு, மீன் மாதிரி உடம்பு, இதுல பால் எங்கேருந்து வரும்?" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஊருக்கே கேட்கச் சொல்லியிருந்தாள். மாரித் என்னைப் பார்த்து, "அம்மா, எனக்கு இத செய்யணும். என்னால முடியாதுன்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டீங்களா?" என்றாள். நான் அழுதுவிட்டேன், யோரிட். உன்னைப் பெற்றபோதுகூட நான் அப்படி அழவில்லை.

சிப்ரிக் அதற்கெல்லாம் அசையவில்லை. பால் இருக்கா இல்லையா என்று அப்புறம் பார்ப்போம், முதலில் இந்தப் பயல் ஏன் இப்படித் தூங்குகிறான் என்று தொட்டிலுக்குப் போனாள். பிள்ளையின் கழுத்துக்குப் பின்னால் விரலை விட்டவள் அப்படியே நின்றாள், கழுத்து வேர்த்துக் கசகசவென்று இருந்தது. போர்வையை விலக்கினால் உள்ளே தொட்டிலைச் சூடாக்க வைக்கும் வெந்நீர் உலோகப் பாட்டில் ஒன்றுக்கு இரண்டாக, மேலே கம்பளிப் போர்வை, தலையில் கம்பளிக் குல்லா. ஒரு பாட்டில் அவளே வைத்தது, தலைகீழாக, பிள்ளையிடமிருந்து தள்ளி. இரண்டாவது யார் வைத்தது என்றால், உன் அப்பா! படகுகளுக்காகக் கால்வாய்ப் பாலத்தைத் தூக்கிவிடும் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்த்து, பேரனுக்குக் குளிருமே என்று யாருக்கும் தெரியாமல் நுழைத்திருக்கிறார். கொதிக்கிற பாட்டிலைப் பிள்ளை பக்கத்தில் வைப்பார்களா என்று நான் எகிறினேன். சிப்ரிக்தான் என்னை அடக்கி, உன் அப்பாவைப் பார்த்து, "மைண்டெர்ட், உங்க பேரன் ரொட்டி இல்ல வேகறதுக்கு. சூடு அதிகமானா குழந்த மயங்கித் தூங்கும், மூணு வாரம் முன்னாடி பொறந்தது வேற, பசிச்சாலும் எந்திரிச்சுக் கேக்கத் தெம்பு இருக்காது. பால் குடிக்காம இன்னும் சோர்ந்து போகும். சமத்தாவது ஒண்ணாவது, இது பட்டினி" என்றாள். உன் அப்பா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றார். சமத்து, சமத்து என்று நாங்கள் கொஞ்சினதெல்லாம் பட்டினியைத்தான்.

அதற்குப் பிறகு வீட்டில் ராணுவச் சட்டம். இரண்டு பாட்டிலும் வெளியே போயின, குல்லா போயிற்று. பிள்ளையை வெறும் அரைத்துணியோடு மாரித்தின் வெறும் நெஞ்சில் குப்புறப் போட்டு, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மெல்லிய போர்வை. மாரித் மார்பைக் கையாலேயே மெல்ல அமுக்கிப் பிழிய, சிப்ரிக் சின்னக் கரண்டியை ஏந்தினாள். மஞ்சளாக, தேன் மாதிரி, சொட்டுச் சொட்டாக இறங்கியது. பால் இல்லை என்று யார் சொன்னது! அந்தச் சொட்டுகளைப் பிள்ளையின் உதட்டோரம் வைத்ததும் நாக்கை நீட்டி நக்கினான். நான் என்ன செய்தேன் என்று கேட்கிறாயா? தோட்டத்துக்குப் போய் அந்த மர நாரையைப் பிடுங்கிக் கொட்டகையில் போட்டேன். அப்புறம் போனை எடுத்து, நேரம் வாங்கியிருந்த எல்லாரிடமும் வராதீர்கள் என்று சொன்னேன். ஒருத்தி, "ஐயோ, குழந்தைக்கு என்ன?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை, சாப்பிடுகிறான், சாப்பிடும்போது நம் வீட்டில் யாரையும் உள்ளே விடுவதில்லை என்றேன்.

ஆனால் கேஸ்கெ போனை எடுக்கவில்லை. மறுநாள் பத்தரைக்குச் சரியாக, கையில் கேக் பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள். நான் கதவை முழுதாகத் திறக்காமல் உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றேன். "எனக்குப் பத்தரைக்கு நேரம் குடுத்திருக்கு, ஆந்த்யெ" என்றாள். கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டேன் என்றேன். "நாப்பது வருஷமா இந்த வீட்டுக்கு வர்றேன், இப்படி வாசல்ல யாரும் நிக்க வெச்சதில்ல" என்றாள். அப்படியானால் இன்று நின்று பார் என்றேன். முகம் சிவந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அப்போது முன்னறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது பார், பாலத்து மணியே தோற்றது! உள்ளே சிப்ரிக் அவன் துணியை மாற்றி, உள்ளங்காலைத் தேய்த்து, எழுப்பி உட்காரவைத்திருக்கிறாள், ஐயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து அப்படி ஒரு கத்தல் கத்தினதே இல்லை. கேஸ்கெ பதறிப்போய், "என்னடி ஆச்சு குழந்தைக்கு?" என்றாள். "பசிக்குது! என் பேரனுக்குப் பசிக்குது!" என்று நான் வாசலிலேயே கத்தினேன், கத்தும்போதே அழுகையும் வந்தது. கேக் பெட்டியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன், அதில் எனக்கு வருத்தமே இல்லை.

உள்ளே ஓடினால் சிப்ரிக் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், "வயித்தோட வயிறு ஒட்டி வை. மூக்குக்கு நேரா காம்பு. அவசரப்படாத, நீ அவங்கிட்ட குனியாத, அவன் உங்கிட்ட வரட்டும். வாய் பெருசா தொறக்கட்டும், இன்னும், இன்னும், இப்போ!" மாரித் சட்டென்று அவனை அணைத்தாள். முகவாய் முதலில் அழுந்தியது, கன்னம் உருண்டது. வேகமாகச் சப்பினான், பிறகு நிதானமாக. சிப்ரிக் எங்களைப் பேச வேண்டாம் என்று கையைக் காட்டினாள். க்ளக் என்று ஒரு சத்தம். இன்னொரு க்ளக். அது விழுங்குகிற சத்தமடா. நான் எத்தனையோ பாட்டுக் கச்சேரிக்குப் போயிருக்கிறேன், இதற்கு ஈடாக எதையும் கேட்டதில்லை. உன் அப்பா வாசற்படியில் நின்று, பாலத்துக்கு அந்தப் பக்கம் படகுகள் ஹாரன் அடிக்க அடிக்க, நகரவே இல்லை.

அன்று தராசில் எடை இறங்கவில்லை, நின்றுவிட்டது. மருத்துவச்சி ஆஸ்பத்திரிப் பேச்சைத் தள்ளிவைத்தாள். அதற்கடுத்த நாள் ஏறியது. பிறகு ஏறிக்கொண்டே இருக்கிறது. மஞ்சள் போய் இப்போது பன்றிக்குட்டி மாதிரி இளஞ்சிவப்பு. அதற்காக எல்லாம் பஞ்சுமெத்தையில் போனது என்று நினைத்துவிடாதே, மாரித்தின் காம்பு வெடித்து அவள் கண்ணில் நீர் தாரை தாரையாக வந்த நாளும் உண்டு, பிடிப்பை விடுவித்து மறுபடி சரியாகப் பிடிக்கவைத்ததும் தணிந்தது. சிப்ரிக் கிளம்புகிற கடைசி நாளில் மாரித் அவள் உதவியில்லாமல், ஒரு கையில் பிள்ளையும் ஒரு கையில் ரொட்டியுமாகப் பால் கொடுத்தாள். சிப்ரிக் கோட்டைப் போட்டுக்கொண்டே, "எனக்கு இங்க இனி வேலையில்ல, போறேன்" என்று சொல்லிவிட்டு மாரித்தை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

நேற்று நானே கேஸ்கெவைக் கூப்பிட்டேன், என்ன இருந்தாலும் உன் அப்பாவின் தங்கை. நாற்காலி வட்டமெல்லாம் கிடையாது, கட்டில் ஓரத்தில் ஒரே ஒரு ஸ்டூல். பிள்ளையை ஆசையாக வாங்கினாள். அவன் அவள் சட்டையில் மூக்கை இப்படியும் அப்படியும் தேய்த்துத் தேடினான், கிடைக்கவில்லை, முகம் சுருங்கியது, ஆரம்பித்தான். கேஸ்கெ ஆட்டினாள், பாடினாள், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் மாரித்திடம் நீட்டி, "இந்தாம்மா, அவனுக்கு நீதான் வேணுமாம், நாங்கள்லாம் வேண்டாமாம்" என்றாள். மாரித் வாங்கி அணைத்துக்கொண்டாள், சத்தம் நின்றது. கேஸ்கெ அந்த க்ளக் சத்தத்தைக் கடைசிவரை கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நீ வந்ததும் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அவள் பால் கொடுக்க உட்கார்ந்தால் கேட்காமலேயே ஒரு பெரிய தம்ளர் தண்ணீர் கொண்டுபோய் வை. குடித்து முடித்ததும் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டு ஏப்பம் எடு, துணி மாற்று, உன் வெறும் நெஞ்சிலும் படுக்கவை, உன் வாசனை அவனுக்குத் தெரிய வேண்டாமா. யாராவது வந்தால் வாசலில் நில், அது கஷ்டமில்லை, நான் நின்றிருக்கிறேன். அடுத்த துறைமுகத்திலிருந்து போன் செய்யும்போது பால் போதுகிறதா என்று மட்டும் கேட்டுவிடாதே, நீ எப்படி இருக்கிறாய் என்று கேள், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு அவள் சொல்வதை முழுக்கக் கேள். நீ அப்படிக் கேட்பாய் என்று அவளிடம் சொல்லிவிட்டேன், அவளும் காத்துக்கொண்டிருக்கிறாள்.

கடலும் காற்றும் உன்னிடம் தணிந்து நடக்கட்டும், கடவுள் உன்னைப் பத்திரமாக எங்கள் கரையில் இறக்கட்டும். கையுறை போடாமல் இரும்புக் கயிற்றைத் தொடாதே, மறந்துவிடாதே. இதை எழுதும்போது வீபெ என் இடது தோளில்தான் இருக்கிறான், இப்போதுதான் குடித்துவிட்டு வந்தான். தாளின் ஓரத்தில் மை கலைந்து வட்டமாக இருக்கிறதே, அது காபிக் கறையில்லை. வயிறு நிறைந்து, மிச்சமானதை உன் மகன் கக்கியது. வேறு தாளில் எழுதித் தருகிறேன் என்றேன். மாரித்தோ, "வேண்டாம்மா, அப்படியே அனுப்புங்க, அவர் பாக்கட்டும்" என்றாள்.

முத்தங்களுடன்,
உன் அம்மா ஆந்த்யெ