ஒன்பது கவரில் ஒரே மாட்டு முடி

பிச்சாட்டூர்,
ஜூன் 14, ஞாயிறு

அன்பு மகள் ஹரிதாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் நைனா, லட்டு, லட்டுவின் கன்று நாலு பேரும் சௌக்கியம், அங்கே கௌஹாத்தியில் நீயும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று நேற்றுகூட நாராயணவனத்துப் பெருமாள்கிட்டே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். வீடியோ காலில் மூஞ்சி பார்க்கிற காலத்தில் அம்மா ஏன் காகிதம் எழுதுகிறாள் என்று உனக்குச் சந்தேகம் வரும், வர வேண்டியதுதான், என் வயிற்றில் பிறந்துவிட்டு சந்தேகம் வராமல் இருந்தால்தான் எனக்குக் கவலை. பத்து நாளாக நீ போன் பண்ணும்போதெல்லாம் அம்மா குளிக்கிறாள் என்று உன் நைனா சொன்னாரே, பத்து நாளில் அத்தனை தடவை குளித்தவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்திதான். உன் குரலைக் கேட்டால் மறுபடியும் பொய் சொல்லிவிடுவேன், அதனால்தான் பேனா. நடந்ததில் பாதி உனக்கே தெரியும், ஆனாலும் இதை யாரையாவது விட்டு மொழிபெயர்த்து உன் ஆராய்ச்சி கைட் படிக்க வேண்டும், அதனால் ஆரம்பத்திலிருந்தே எழுதுகிறேன்.

ஜனவரியில் நீ நாற்பது கவர் அனுப்பினாய். புங்கனூர் குட்டை மாடு எப்படிக் குட்டையாச்சு, எத்தனை தலைமுறையாக ஜனங்கள் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தார்கள், இப்போது அதில் எவ்வளவு கலந்துபோச்சு, இதுதான் உன் ஆராய்ச்சி என்றாய். நம்ம பக்கத்தில் புங்கனூர் என்று சொல்லிக்கினு இருக்கிற நாற்பது மாட்டின் வால்முடியை வேரோடு பிடுங்கி, ஒரு மாட்டுக்கு ஒரு கவர் என்று போட்டு அனுப்பும்மா, வேரில்தான் ஜீன் இருக்கு என்றாய். பால் சென்டர் செக்ரட்டரியை விட்டால் இதற்கு வேறு யார்? பதினெட்டு வருஷமாகப் பாலில் கொழுப்பு அளக்கிற ஃபேட் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், யார் பாலில் எத்தனை சொம்புத் தண்ணி என்று கேன் சத்தத்திலேயே சொல்லிவிடுவேன், என்னை ஏமாற்ற இந்த மண்டலத்தில் ஆள் பிறக்கவில்லை என்று உன்னிடம் பீற்றிக்கொண்டது நானேதான். இந்த இடத்தைக் கைட்டுக்குச் சொல்லாமல் விட்டுவிடு.

வீடு வீடாக யார் அலைவது என்று, காலையில் பால் ஊற்ற வந்த வரிசையிலேயே கவரைக் கொடுத்து, நீங்களே பிடுங்கிப் போட்டுக் கொண்டு வாங்க என்றேன். அது முதல் தப்பு. இரண்டாவது தப்பு என் வாய். எல்லாரும் அலட்சியமாக வாங்கிக்கினு போனார்கள், கொஞ்சம் பயம் இருக்கட்டுமே என்று, இது ஜெனிடிக்ஸ் டெஸ்ட், கலப்பு மாடு என்று தெரிந்தால் சொந்தக்காரர் பேரை சென்டர் போர்டில் ஒட்டுவேன் என்று விளையாட்டுக்குச் சொல்லி வைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காதபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

இந்த மாசம் நாலாம் தேதி நீ போன் பண்ணினாய். ஒன்பது கவரில் இருப்பது ஒரே மாடு, அண்ணன் தம்பிகூட இல்லை, அதே மாடு, ஒன்பது வீட்டுப் பேரில் வந்திருக்கிறது, அதில் பதினேழாம் நம்பர் நம்ம லட்டு பேரில் வந்த கவரும்மா, எப்படிம்மா என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன்? இங்கே எல்லாம் சுத்தம், என் கையாலே ஒட்டிய கவர், உங்க லேபில்தான் மாற்றிப் போட்டிருப்பீர்கள், உன்கூட வேலை செய்கிறாளே ஸுப்ரஜா, எதற்கும் அவள்மேல் ஒரு கண் வை என்றேன். அந்தப் பெண்ணை நான் பார்த்ததுகூட இல்லை. நீ அம்மா பேச்சை நம்பி, தப்பு லேபில்தான் நடந்திருக்கும் என்று கைட்டிடம் போய்ச் சொன்னாய். லேப் என்றால் உன் கை என்று அவர் எடுத்துக்கொண்டார். மிச்சம் முப்பத்தொரு கவரையும் இனி நீ தொடக்கூடாது, முப்பதாம் தேதிக்குள் காரணம் எழுதிக் கொடுக்காவிட்டால் இந்த வேலையே வேறு ஆளுக்கு என்று அவர் சொன்னதை நீ உன் நைனாவிடம் அழுதுக்கினே சொன்னபோது நான் குளியலறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். தண்ணியைத் திறந்து விட்டுக்கொண்டுதான்.

மறுநாள் காலையில் போலீஸ் மாதிரி கிளம்பினேன். நீ அனுப்பிய லிஸ்ட்டில் சந்திரம்மா பேர் முதலில் இருந்தது. என் மாட்டு வாலை நான் பிடுங்காம வேற யாரு பிடுங்குவா, கற்பூரம் அணைக்கட்டுமா அக்கா என்றாள். சத்தியம் பண்ண இவ்வளவு அவசரப்படுகிறவளை நான் நம்புகிறதில்லை. தரணி சார் ஹைஸ்கூலில் தெலுங்கு சொல்லிக் கொடுத்தவர், சம்பந்தி வீட்டுக்குப் புங்கனூர்க் கன்று தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார், அவர் நேனு காதம்மா, நேனு காது, நான் இல்லை என்று நான் கேட்பதற்கு முன்னாலேயே இரண்டு தடவை சொல்லிவிட்டார். ஒன்பதும் ஒரே மாடு என்றால் அது எந்த மாடு? நம்ம ஊரில் எவனும் சந்தேகப்படாத புங்கனூர் ஒன்றுதான் இருக்கிறது, சுரேஷ்பாபுவின் சிட்டி. அவன் சென்டருக்குப் பால் ஊற்றுகிறதில்லை, அதனால் கவர் அவன் கைக்குப் போகவே இல்லை. இடுப்பு உயரம்கூட இல்லாத பசு, சத்தியவேட்டில் புது ஃப்ளாட் கிருகப்பிரவேசத்துக்கு லிஃப்ட்டில் மூணாவது மாடிக்கே போய்விட்டு வந்த பசு, கோமாதா பின்பக்கம் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் அதை யாரும் தாண்டிப் போவதில்லை. பாதகர்கள், அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். கும்பிடப் போன கை நாலு முடியோடு வந்திருக்கிறது. ஜனவரியில் திடீரென்று ஊருக்குப் பக்தி முற்றிப்போச்சு, பால் ஊற்றிவிட்டுப் போகிறவன் எல்லாம் மாட்டுக்குப் பின்னால் நின்று கண்ணை மூடிக்கினு இருக்கிறான் என்று சுரேஷ்பாபு என்னிடமே பெருமைப்பட்டான். பிப்ரவரியில் சிட்டியின் வால் தேய்ந்த துடைப்பம் மாதிரி ஆனபோது, அது தோல் வியாதி, வேப்பெண்ணெய் தடவு என்று வைத்தியம் சொன்னது யார்? உன் அம்மாதான். எண்ணெய்கூட நம்ம வீட்டு எண்ணெய்.

ஏன் நம்ம வீட்டு எண்ணெய் என்று கேள். இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் ஊரைச் சுற்றினேன். ஒன்பதில் ஒன்று நான். பதினேழாம் கவரில் நான் போட்டது லட்டுவின் முடி இல்லை, சிட்டியின் முடி. விடிந்தும் விடியாமல் போய், வேரோடு பத்து முடி, என் கையாலேயே. லட்டு புங்கனூர்தான் என்று ஆறு வருஷமாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன், புங்கனூர்ப் பால் என்றால் ஃபேட் எட்டுக்கு எகிற வேண்டும், லட்டு பாலை வைத்தால் மெஷின் நாலு காட்டும், மெஷின் சரியில்லை என்று துடைத்துவிட்டு எழுந்துவிடுவேன். எல்லார் பாலையும் இரண்டு தடவை பார்க்கிறவள் என் வீட்டுப் பாலை மட்டும் இரண்டாவது தடவை பார்த்ததில்லை. என் மகளே நடத்துகிற டெஸ்ட்டில் என் மாடு ஃபெயிலாகி, அந்த போர்டில் முதல் பேர் என் பேராக இருந்தால் என்ன பண்ணுவது என்றுதான் போனேன். சிட்டி வால் மொட்டையானதைப் பார்த்து, பத்தே பத்து முடிக்கா இப்படியாகும் என்று எத்தனை நாள் சோறு இறங்காமல் கிடந்தேன் தெரியுமா. எனக்கு முன்னாலும் பின்னாலும் எட்டுப் பேர் அதே வாலைக் கும்பிட்டிருக்கிறார்கள் என்று நீ போன் பண்ணிய அன்றைக்குத்தான் தெரிந்தது. கோபம் வந்ததை விட நிம்மதி வந்தது, அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

மிரட்டிக் கேட்டால் எவனும் ஒப்புக்கொள்ள மாட்டான் என்று தெரிந்துபோச்சு. நேற்றைக்கு முன்தினம் காலையில் வரிசை முழுக்க நிற்கும்போது ஸ்டூலை விட்டு எழுந்து, நான் திருடினேன், பதினேழாம் நம்பர், சிட்டி வாலிலிருந்து பத்து முடி, அதனால் என் மகள் அங்கே திருடி மாதிரி நின்றுகொண்டிருக்கிறாள் என்றேன். சந்திரம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள், ஏன்க்கா நீயே பண்ணிக்கினு வந்துதானே என்னைக் கற்பூரம் வரைக்கும் இழுத்தே என்று ஆரம்பித்து, என் தண்ணிக் கணக்கு முதல் உன் நைனாவின் உயரம் வரைக்கும் எதையும் பாக்கி வைக்காமல் திட்டிவிட்டு, கடைசியில் நானும்தான், ஆறு முடி என்றாள். தரணி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அதுவே போதும். மத்தியானத்துக்குள் ஒன்பதும் தேறிவிட்டது. சுரேஷ்பாபுதான் பாவம், ஈ ஓட்ட வால் இல்லாமல் மாடு தலையை ஆட்டிக்கினே இருக்குது, இனிமே எவனாவது கும்பிட வந்தா கையைக் கட்டிக்கினு வரணும் என்று கத்தினான். ஒன்பது வீட்டுக்காரர்களும் சேர்ந்து சிட்டி கொட்டகைக்குக் கொசுவலை அடித்துக் கொடுத்திருக்கிறோம்.

இதோடு புதுசாக ஒன்பது கவர் இருக்கிறது. எல்லாம் என் எதிரில், அந்தந்த மாட்டிடமிருந்தே பிடுங்கியது, பிடுங்குவதைச் சுரேஷ்பாபு போனில் படம் பிடித்திருக்கிறான், அதை உனக்குத் தனியாக அனுப்பச் சொல்லியிருக்கிறேன். சந்திரம்மா அவிழ்த்து வந்தது அவள் மாடுதானா என்றுகூட எனக்குச் சந்தேகம், அவள் வீட்டுக் கன்றை விட்டு மடியை முட்டச் சொல்லிப் பார்த்த பிறகுதான் முடியை வாங்கினேன். தனியாக ஒரு காகிதத்தில், முதலில் அனுப்பியது சிட்டியின் முடி, தப்பு எங்களுடையது, லேபில் யாருக்கும் இதில் சம்பந்தமில்லை என்று தரணி சார் இங்கிலீஷில் எழுத, ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அந்தக் காகிதத்தை முதலில் உன் கைட் கையில் கொடு, பிறகு வெளியே வந்து என்னைத் திட்டு. ஸுப்ரஜாவிடம் நான் சொன்னதை நீ சொல்லியிருந்தால் என் பேரில் மன்னிப்புக் கேள், சொல்லாமல் இருந்தால் அப்படியே விட்டுவிடு.

மழை ஆரம்பித்துவிட்டதாமே, ஈரத்தலையோடு ஏசி ரூமில் உட்காராதே. வேளைக்குத் துன்னு. நீ தினமும் அனுப்புகிற சாப்பாட்டு போட்டோவில் போன வாரம் மூன்று நாள் ஒரே தட்டு, ஒரே எலுமிச்சைத் துண்டு, அதே இடத்தில் அதே பருக்கை. யாரிடம் இந்த வேலை? உன் நைனா ஏரிக்கரைப் பக்கம் நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு போண்டாக் கடைக்குப் போய்க்கினு இருக்கிறார், சட்டையில் எண்ணெய் வாசனை, அதைத் தனியாக விசாரித்துக்கொள்கிறேன்.

உன் வேலை உன் கையை விட்டுப் போகாது, பெருமாள் துணை இருப்பார், நீ நன்றாக இருப்பாய். ஒன்று மட்டும் மறக்காதே. பதினேழாம் நம்பருக்கு இப்போது வருவது லட்டுவின் நிஜ முடி. அது புங்கனூர் இல்லை, நாலு ஜாதி கலந்தது என்று வந்தால், அம்மா மனசு நோகும் என்று மறைக்காதே, வந்ததை வந்தபடியே எழுது. சென்டர் போர்டில் முதல் பேரை நானே ஒட்டிக்கொள்கிறேன்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா
தி. இந்திராணி