அஞ்சாவது தடவை எடுத்தது

கிள்ளான்,
செவ்வாய்க்கிழமை காலை.

அன்பு மகள் லோகேஸ்வரிக்கு அம்மா எழுதறது. மெல்பர்ன்ல நீ உடம்பு சுகமா, வேளைக்குச் சாப்பிட்டு, குளிர் படாம இருக்கணும்னு சாமி ரூம்ல விளக்கேத்தி வச்சிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இங்க எல்லாரும் சுகம்னு எழுதற வரியை மட்டும் இந்தத் தடவை எழுத முடியல. ரெண்டு வாரமா நீ என் போனை எடுக்கல. மெசேஜ் போட்டா ரெண்டு நீலக் கோடு வருது, பதில் வரல. விவரமா போன்லயே எழுதலாம்னா அதை யாராவது படம் பிடிச்சு ஊரு பூரா அனுப்பிடுவாங்களோன்னு பயமா இருக்கு, பட்டது போதும். அதான் கடையில தாள் வாங்கிக் கையால எழுதறேன். போஸ் லாஜு கூரியர்ல அனுப்பினா அஞ்சாறு நாள்ல உன் கையில கிடைச்சிடும்னு சொல்றாங்க. முழுசா படி லோகா, பாதியில வச்சிடாதே.

உனக்குப் பாதி தெரிஞ்சதுதான், இருந்தாலும் முதல்ல இருந்து எழுதறேன், வரிசையா எழுதிப் பார்த்தாத்தான் எனக்கே புரியுது. போன தீபாவளிக்கு நீ வந்தப்ப பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு கடையில அந்தப் பழைய நாடகம் ‘வள்ளியின் வாசல்’ ஜெராக்ஸ் பிரதி கிடைச்சதுன்னு சந்தோஷமா தூக்கிட்டு வந்தே. தம்பி சொன்ன பொய்யை நம்பி கதிர்வேலுன்னு ஒருத்தன் பொண்டாட்டி வள்ளியை அடிச்சு வாசலுக்கு வெளிய தள்ளிடறான், கடைசியில உண்மை தெரிஞ்சு அவ கால்ல விழறான், அதுதானே கதை. மூணு மணி நேரம் இப்ப யாரும்மா உட்காருவாங்கன்னு நீ அதை ஒரு ஒரு நிமிஷமா இருபத்தாறு பகுதியா வெட்டி, அதைப் போட இன்டர்நெட்ல ஒரு பக்கம் தொடங்கினே. மேடைத் தமிழை எடுத்துட்டு நம்ம வீட்டுல பேசற மாதிரி மாத்தினே. மேடை மாதிரி இருந்தா தள்ளி விட்டுட்டுப் போயிடுவாங்க, பக்கத்து வீட்டுச் சண்டையை ஜன்னல் வழியா எடுத்த மாதிரி இருந்தா நின்னு பார்ப்பாங்கன்னு சொன்னே. அடி முதல்ல வரணும், காரணம் அப்புறம் வந்தா போதும்னு சொன்னே. எனக்கு அதெல்லாம் தெரியாது. பண்டமாரான்ல உன் தங்கச்சி விஷ்ணுப்ரியா வீட்டு ஹால்ல அவ வள்ளி, மாப்பிள்ளை சுகுமாறன் கதிர்வேலு, நான் போனைப் பிடிக்கிறவ, நீ அங்க இருந்து இன்னொரு போன்ல பார்த்துக்கிட்டு இப்படி நில்லு அப்படித் திரும்புன்னு சொல்லிக்கிட்டு இருப்பே. ஞாயித்துக்கிழமை வந்தா என் ரெண்டு பொண்ணுங்க குரலும் ஒரே வீட்டுல கேக்குதேன்னு எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. அதை நான் மறைக்கல. பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில ஜனங்க மாப்பிள்ளையைப் பார்த்து கதிர்வேலு அண்ணேன்னு கூப்பிட்டப்ப எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு.

பதினோராவது பகுதி எடுத்த அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு நான் இப்ப தினமும் யோசிக்கிறேன். கன்னத்துல அறையற இடம். நாலு தடவை எடுத்தோம். நாலு தடவையும் நீ இல்ல இல்ல, கை காத்துல போறது தெரியுது, ஒரு தடவை ஒழுங்கா பண்ணுங்க சுகுமாறன்னு சொன்னே. அஞ்சாவது தடவை அந்தச் சத்தம் வந்துச்சு. பிரியா தலை அலமாரில போய் இடிச்சுது. நான் என்ன செஞ்சேன் தெரியுமா, படம் நேரா இருக்கான்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். போன் இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு, பிரியா காதைப் பொத்திக்கிட்டு ஏங்க நிஜமா பட்டுடுச்சுன்னு வள்ளி குரல்ல இல்லாம அவ குரல்ல சொன்னா, மாப்பிள்ளை அவளைப் பார்க்காம போனைப் பார்த்து லோகா இப்ப சரியான்னு கேட்டாரு. நீ சூப்பர்னு சொன்னே. நான் நல்லா வந்திருக்குன்னு சொன்னேன். சொல்லிட்டு எல்லாருக்கும் தேத்தண்ணி கலக்கப் போனேன். பிரியா பாத்ரூம்ல இருந்து ரொம்ப நேரம் வரல. தேத்தண்ணி ஆறிப்போச்சு, நான் சூடு பண்ணி வச்சேன், அவ்வளவுதான் எனக்குத் தோணினது.

அப்புறம் நடந்தது உலகத்துக்கே தெரியும். எவனோ நாடகத்துப் பேரையும் நம்ம இன்டர்நெட் பக்கத்துப் பேரையும் அழிச்சிட்டு அந்த அறை மட்டும் வெட்டி, பண்டமாரான்ல ஒருத்தன் பொண்டாட்டியை அடிக்கிறான் பாருங்கன்னு எழுதி விட்டுட்டான். ரெண்டு நாள்ல என் வாட்ஸ்அப்புக்கே ஆறு பேர் அனுப்பினாங்க. பிரியா வீட்டு கேட்ல யாரோ சிவப்பு பெயிண்ட் அடிச்சிட்டுப் போனாங்க. துறைமுகத்துல மாப்பிள்ளை வேலை பார்க்கிற கம்பெனி விசாரணை முடியற வரைக்கும் வராதேன்னு சொல்லிட்டாங்க. போலீஸ் கூப்பிட்டாங்க. நான் பிரியாவைக் கூட்டிக்கிட்டு போலீஸ் பாலாய்க்குப் போனேன். அங்க ஒரு மலாய்ப் பொண்ணு, நம்ம பிரியா வயசுதான் இருக்கும், அதுதான் விசாரிச்சுது. பிரியா தலையைக் குனிஞ்சுக்கிட்டு நடிப்புதான்னு சொன்னா. அந்தப் பொண்ணு என்னைப் பார்த்து பெத்துல் கா மாச்சிக், நிஜமா ஆன்ட்டின்னு கேட்டுச்சு. பெத்துல், நான்தான் போனைப் பிடிச்சேன், எல்லாம் நடிப்புன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அன்னைக்குச் சாயங்காலம் உனக்குப் போன் பண்ணி பக்கத்துல இருந்து அதையெல்லாம் எடுத்துடு லோகான்னு கெஞ்சினேன். இப்ப எடுத்தா தப்பு செஞ்ச மாதிரி ஆயிடும்மா, மிச்சப் பகுதியும் வந்தா ஜனங்களே புரிஞ்சுக்குவாங்கன்னு நீ சொன்னே. நானும் சத்தம் போட்டேன், நீயும் போட்டே. அதுக்கப்புறம் நீ போனை எடுக்கல.

மாப்பிள்ளை வீட்டுலயே இருக்கிறதால வீடு சரியில்லன்னு பிரியா நாலு நாள் தங்க இங்க வந்தா. நான் அடுப்பங்கரைல இருந்து கூப்பிடறேன், அவ திரும்பல. பக்கத்துல உட்கார்ந்து பேசறேன், இடது பக்கம் இருந்தா பதிலே இல்ல, டிவியைப் பார்த்துக்கிட்டு இருக்கா. கோவமா இருக்காளோன்னு நினைச்சேன். புதன்கிழமை சாப்பாட்டு மேசையில உங்கப்பா அவகிட்ட சாம்பாரை எடுன்னு மூணு தடவை கேட்டாரு. அப்பதான் இது கோவம் இல்ல, காது கேக்கலன்னு எனக்குப் புரிஞ்சுது. கிளினிக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டரம்மா காதுக்குள்ள லைட் அடிச்சுப் பார்த்துட்டு செவிப்பறை கிழிஞ்சிருக்கு, இது நேத்து நடந்தது இல்ல, எப்படி ஆச்சுன்னு கேட்டாங்க. பிரியா கோயில்ல பட்டாசு பக்கத்துல வெடிச்சுதுன்னு சொன்னா. டாக்டரம்மா பெரிய ஆஸ்பத்திரிக்கு லெட்டர் எழுதிக் கொடுத்தாங்க.

கார் பார்க்ல உட்கார்ந்து பிரியா எல்லாத்தையும் சொன்னா. அழல. மளிகை லிஸ்ட் சொல்ற மாதிரி சொன்னா. அன்னைக்கு முதல் அடி. அதுக்கு முன்னாடி கல்யாணமாகி மூணு வருஷத்துல அவன் கை நீட்டினதே இல்லையாம். (இனி அவனை மாப்பிள்ளைன்னு எழுத எனக்குக் கை வரல, பொறுத்துக்கோ.) மறுநாள் மன்னிப்புக் கேட்டானாம். அடுத்த வாரம் பதினாலாவது பகுதிக்கு ஒத்திகை பார்க்கலாம்னு சொல்லி, நாம யாரும் இல்லாதப்ப, ஒரு தடவை அடிச்சானாம். வேலைக்கு வராதேன்னு சொன்னதுக்கப்புறம் ஒத்திகைன்னு சொல்றதும் நின்னு போச்சாம். போலீஸ்ல ஏன்டி சொல்லலன்னு கேட்டேன். நீங்கதான் பக்கத்துல உட்கார்ந்து நடிப்புன்னு சொன்னீங்களேம்மா, நான் எப்படி உங்களைப் பொய்க்காரி ஆக்கறதுன்னு சொன்னா. அப்புறம் அவ போனை எடுத்து உனக்கு அனுப்பின மெசேஜைக் காட்டினா. படம் எடுத்த அன்னைக்கே அனுப்பியிருக்கா. அக்கா நாலாவது எடுத்ததைப் போடு, அஞ்சாவது வேணாம், நிஜமா பட்டுடுச்சுன்னு. அதுக்கு நீ எழுதினது, நிஜமா பட்டதாலதான் நல்லா வந்திருக்கு, ஐஸ் வை செல்லம்னு.

லோகா, நீ கெட்டவ இல்ல. நான் பெத்த பிள்ளையை எனக்குத் தெரியாதா. அவசரத்துல எழுதியிருப்பே, மறந்தும் போயிருப்பே. நீ ஆயிரக்கணக்கான மைலுக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு சின்ன கண்ணாடில பார்த்தே, நான் ரெண்டு அடி தூரத்துல நின்னு பார்த்தேன், எனக்கே தெரியலன்னா உன்னை மட்டும் நான் என்ன சொல்ல முடியும். ஆனா அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை நடந்ததை மட்டும் என்னால ஏத்துக்க முடியல. அவன் அம்மா வீரம்மாவைக் கூட்டிக்கிட்டு, வெள்ளை வேட்டி கட்டி, மல்லிகைப் பூவும் போன் ஸ்டாண்டும் எடுத்துக்கிட்டு கேட்ல வந்து நின்னான். அத்தை, லோகாகிட்ட பேசிட்டேன், நடுவுல இருக்கறதெல்லாம் அப்புறம் போட்டுக்கலாம், கடைசிப் பகுதியை இப்பவே எடுத்துப் போடலாம்னு சொல்லிடுச்சு, நான் நிஜமாவே பிரியா கால்ல விழறேன், நீங்க போனைப் பிடிங்க, ஊரு வாய் அடங்கிடும், கம்பெனியும் கூப்பிட்டுக்குவாங்கன்னு சொன்னான். ரெண்டு நிமிஷ வேலை சம்பந்தின்னு வீரம்மா சொன்னாங்க. உங்கப்பா நாலு பேரு பார்க்க கால்ல விழறேன்னு சொல்றான், விடு லான்னு கேட் சாவியைத் தேடினாரு. எனக்கு அப்பகூட மனசு கொஞ்சம் ஆடுச்சு. திரும்பிப் பார்த்தா பிரியா ரூம்ல இருந்து மஞ்சள் புடவை கட்டிக்கிட்டு வெளிய வரா. அக்கா மஞ்சள் கட்டச் சொல்லியிருக்காம்மான்னு சொல்றா. என் போனை எடுக்க உனக்கு நேரம் இல்ல, அவளுக்குப் புடவை சொல்ல நேரம் இருந்துச்சா லோகா. நான் சாவியை எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டு, கேட் திறக்காது, போயிட்டு வாங்கன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் கெஞ்சினான். அப்புறம் முகம் மாறிச்சு, கேட்டை எட்டி உதைச்சான், உள்ள இருக்கிறவளைப் பார்த்து வெளிய வாடின்னு கத்தினான். அப்ப யாரும் படம் எடுக்கல. உங்கப்பா அதைப் பார்த்துட்டு அப்படியே நாற்காலியில உட்கார்ந்துட்டாரு.

நேத்து காலையில நான் கேக்காமலே அவர் காரை வெளிய எடுத்து வச்சாரு. மூணு பேரும் பாலாய்க்குப் போனோம். அதே மலாய்ப் பொண்ணுதான் இருந்துச்சு. நான் முன்னாடி சொன்னது பொய்னு சொன்னேன். அது கோவிக்கல, பழைய தாளை எடுத்து என் கையெழுத்தைக் காட்டிச்சு. அவனும் நடிப்புன்னுதான் எழுதிக் கொடுத்திருக்கானாம், சாட்சி அத்தைன்னு என் பேரைத்தான் போட்டிருக்கானாம். காது கிழிஞ்சிருக்குன்னு டாக்டர் லெட்டர் சொல்லுது, யாரு கிழிச்சாங்கன்னு அதுல இல்லியே மாச்சிக், வெட்டாத வீடியோ இருந்தா உதவும், யார்கிட்ட இருக்குன்னு கேட்டுச்சு. எடுத்ததையெல்லாம் உனக்கு ஏத்திட்டு இடம் இல்லன்னு போன்ல இருந்து அப்பப்ப அழிச்சிடுவோம், உனக்குத் தெரியும். அதனால என் மூத்த மகள்கிட்ட இருக்குன்னு சொன்னேன். பேரு, போன் நம்பர், நீ வேலை செய்யற இடம், எல்லாத்தையும் ஒவ்வொண்ணா சொல்லி எழுத வச்சது நான்தான். போலீஸ்ல இருந்து கூப்பிட்டா அம்மா இப்படிச் செஞ்சிட்டாளேன்னு நினைக்காதே, இல்ல, நினைச்சுக்கோ, ஆனா எடுத்துப் பேசு. அஞ்சு தடவை எடுத்ததையும் அப்படியே அனுப்பு, முக்கியமா அஞ்சாவது, அறைக்கு அப்புறம் அவ பேசினதும் அவன் உன்னைக் கேட்டதும் இருக்கே, அது. நீ சொன்னதும் நான் சொன்னதும் அதுல இருக்கும். இருக்கட்டும். ஊரு நம்மளைத் திட்டினா திட்டட்டும்.

இவ்வளவும் எழுதி முடிச்சு, விலாசத்துக்குக் கீழ போட உன் நம்பரைப் பார்க்கலாம்னு போனை எடுத்தேன். அப்படியே திறந்து பார்த்தா நம்ம நாடகப் பக்கம் இல்ல. தேடிப் பார்த்தேன், பிரியாவையும் தேடச் சொன்னேன், இதுவரைக்கும் போட்டிருந்த இருபது பகுதியும் போயிருக்கு, பேரே இல்ல. இதைத்தான் ரெண்டு வாரத்துக்கு முன்னாடி உன்கிட்ட கெஞ்சிக் கேட்டேன். அப்ப எடுத்திருந்தா உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். இப்ப கும்பிட முடியல. பக்கத்தை மட்டும் எடுத்தியா, இல்ல உன்கிட்ட இருக்கறதையும் அழிச்சிட்டியா. வெட்கப்பட்டு எடுத்தியா, பயந்து எடுத்தியா, இல்ல அவன் சொல்லி எடுத்தியா. எனக்கு ஒரு வார்த்தை சொல்லு. நீ அழிச்சிருந்தா, என் கையெழுத்து இருக்கிற அந்தத் தாள் ஒண்ணுதான் மிஞ்சும். அது அவன் பக்கம் பேசுது லோகா. இந்தக் கடிதம் வந்து சேர அஞ்சு நாளாகும்னு தெரிஞ்சும் எழுதறேன், அதுக்குள்ள நூறு தடவை கூப்பிடுவேன், எடு.

இந்த மாசம் இருபத்திரண்டாம் தேதி பெரிய ஆஸ்பத்திரில பிரியா காதுக்கு டாக்டர் பார்க்கிறாங்க, ஆபரேஷன் வேணுமான்னு அன்னைக்குத் தெரியும். லீவு கிடைச்சா வா. உன்னை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டோம்னு பொய் சொல்ல மாட்டேன், கேப்போம், ஆனா உனக்கும் சேர்த்துத்தான் சமைச்சு வைப்பேன். ராத்திரி கண் முழிக்காதே, வெறும் வயித்துல காப்பி குடிக்காதே. உனக்கு எந்தக் குறையும் வராம, நல்ல புத்தியோட, தைரியத்தோட நீ இருக்கணும்னு அப்பாவும் நானும் ஆசீர்வாதம் பண்றோம். எதையும் அழிச்சிடாதே.

உன்னைப் பெத்த அம்மா,
அ. சீதாலெட்சுமி