சேராத இரத்தம்

பெப்ரவரி, செவ்வாய் இரவு

என் சிறுநீரகம் இவருக்குச் சேராது என்று இன்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இவருடைய இரத்தம் ஓ வகை. என்னுடையது பி.

இரத்தத்தில் வகைகள் இருப்பதையே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் கண்டுபிடித்தார்களாம். அதற்கு முன் இரத்தம் ஏற்றினால் சிலர் பிழைப்பார்கள், சிலர் சாவார்கள். ஏனென்று வைத்தியர்களுக்கே தெரியாது. எத்தனையோ உயிரைக் காத்த கண்டுபிடிப்பு என்றாள் நர்ஸ். எனக்குக் கேட்கவே பிடிக்கவில்லை.

இன்னொரு வழியும் உண்டாம். என் சிறுநீரகத்தை முன்பின் தெரியாத ஒரு நோயாளிக்குக் கொடுத்தால், அவருடைய சொந்தக்காரர் ஒருவர் இவருக்குக் கொடுப்பார். நான் உடனே ஓம் என்று தலையாட்டினேன்.

திரும்பி வரும்போது, வெக்ஸ்போர்ட் சந்தி சிக்னலில் காரை நிறுத்தினேன். இவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு காலம்.

"சேரக்கூடாதெண்டுதான் நான் நேர்ந்து வைச்சனான்."

"என்னப்பா சொல்லுறியள்?"

"உம்மை வெட்ட விடமாட்டன். ஆருக்காகவும் விடமாட்டன். இந்த டயாலிசிசும் இனி எனக்குக் காணும், நிப்பாட்டப் போறன்."

சிக்னல் பச்சையானது. பின்னால் நின்ற கார்கள் கோர்ன் அடித்தன. எனக்குக் காரை எடுக்கக் கை வரவில்லை.

இப்போது அறையில் நன்றாக நித்திரை கொள்கிறார். இத்தனை நாள் புரண்டு புரண்டு படுத்த மனுசன். அந்த நிம்மதியைப் பார்க்கத்தான் பயமாக இருக்கிறது.

நாளைக் காலை நர்ஸ் பதில் கேட்டுப் போன் எடுப்பாள். இரண்டு பேரும் ஓம் சொல்ல வேண்டுமாம். நான் மட்டும் சொல்லி என்ன பயன்?