பழைய அனலைசரில் நீ ஒட்டிய சீட்டு

பீன்யா டெஸ்ட் லேபில் சிக்னல்களைத் திரையில் காட்டும் நம் பழைய ஸ்பெக்ட்ரம் அனலைசரை இன்று காலை ஸ்கிராப்புக்கு எடுத்தார்கள். ஒரு பக்கம் நான்தான் பிடித்தேன். மேல்மூடியில் நீ ஒட்டிய சீட்டு மஞ்சளேறி அப்படியே இருந்தது. தமிழில் ஒரு வரி, கீழே கன்னடத்தில் அதே வரி: "நான் வர்ற வரைக்கும் யாரும் கை வைக்காதீங்க."

நீ வேலையை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிறது. உன் எழுத்து இன்னும் அதட்டுகிறது.

சோதனைக்கு வந்த அந்த ஆஸ்பத்திரி வயர்லெஸ் மானிட்டர் நினைவிருக்கிறதா? எப்போதாவது ஒரு கணம் வேண்டாத சிக்னல் ஒன்றைக் கக்கும். பக்கத்துப் படுக்கையின் கருவி தடுமாறினால் யார் பதில் சொல்வது என்று கேட்டாய். நம் பழைய பெட்டியோ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாகத் துழாவிக்கொண்டு போகும். அது வந்து சேர்வதற்குள் சிக்னல் மறைந்துவிடும். திரை சுத்தம். பாஸ் என்றோம் எல்லோரும். நீ மட்டும் மேக்ஸ் ஹோல்டில் போட்டாய், அதில் ஒருமுறை பிடித்ததைத் திரை அழிக்காது. சீட்டை ஒட்டிவிட்டுச் சாப்பிடப் போனாய். திரும்பி வந்தபோது பச்சைத் திரையில் அந்தச் சிக்னல் ஒற்றை முள்ளாக நின்றிருந்தது.

வெளியிலிருந்து வரும் நாய்ஸ் என்றார் மேனேஜர். "அப்ப யூனிட்டை ஆஃப் பண்ணா மட்டும் ஏன் சார் வரமாட்டேங்குது?" என்று கேட்டாய். அவர் பாஸ் ரிப்போர்ட்டை உன் முன் நகர்த்தினார். நீ கையெழுத்துப் போட மறுத்தாய். உன்னை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். அந்த ரிப்போர்ட்டில் கையெழுத்தை நான் போட்டேன். வீட்டு நிலைமை என்று உன்னிடம் ஏதோ உளறினேன். நீ டிபன் பாக்ஸைத் திறந்து என் பக்கம் தள்ளினாய். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

இப்போது வந்திருக்கும் அனலைசர் மொத்த அலைவரிசையையும் ஒரே நேரத்தில் இமைக்காமல் பார்க்கிறது. மத்தியானம் அதே மானிட்டரின் புது மாடலை மாட்டினேன். நீ ஒரு சாப்பாட்டு வேளை முழுக்கக் காத்திருந்து பிடித்த முள், ஒரே நிமிடத்தில் சிவப்பாக எழுந்தது. பின்னால் அதே மேனேஜர். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆவரேஜ்ல போட்டு எடும்மா, காணாமப் போயிடும்" என்றார்.

போய்விடும்தான், சராசரி எடுத்தால் ஒரு கணமே வரும் முள் கரைந்துவிடும். மெஷின் மாறியிருக்கிறது, அவர் மாறவில்லை. நான் மாறியிருக்கிறேனா என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"மாட்டேன் சார்" என்றேன். ஸ்டோர்ஸில் இடம் காலியாக இருக்கிறதா என்றும் நானே கேட்டுவிட்டேன். ஃபெயில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு வாசலில் லாரிக்குக் காத்திருந்த பழைய பெட்டியிடம் போய், உன் சீட்டைக் கிழியாமல் உரித்து வந்து புது அனலைசரின் நெற்றியில் ஒட்டினேன்.

இதுவரை யாரும் கை வைக்கவில்லை.