ஆன் செய்யாத பெடல்

சனிக்கிழமை, இரவு

மனைவியின் தம்பி ராஜன், தன் கிதாருக்கு வா-வா பெடல் வாங்க, இன்று பெர்மாஸ் ஜெயாவில் உள்ள இசைக்கருவிக் கடைக்கு என்னையும் கூட்டிப்போனான். காலால் ஆட்டினால் கிதாரின் ஒலியைக் குழைத்துக் கொடுக்கும் கருவி அது. ஒரு காலத்தில் நான் கல்யாண பேண்டில் வாசித்தவன் அல்லவா.

கடைப்பெண் இரண்டு பெடல்களை எடுத்துவைத்தாள். அவன் வாசிக்க, நான் காலால் இரண்டையும் மாற்றி மாற்றி ஆட்டினேன். "கறுப்பு நல்லா இழையுது. சிவப்பு கத்துது," என்றேன். ராஜனும், "ஆமா மாமா, வித்தியாசம் தெரியுது," என்றான்.

கடைப்பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அங்கிள், ரெண்டுமே இன்னும் ஆன் பண்ணல லா. முன்பக்கம் நல்லா மிதிச்சாதான் ஆன் ஆகும்."

அவளே மிதித்துக் காட்டினாள். கறுப்புதான் கத்தியது. சிவப்பு, ஆள் பேசுவதுபோல அழகாகக் குழைந்தது.

ராஜன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "கறுப்பே குடுங்க. மாமா சொன்னா சரியா இருக்கும்," என்றான்.

சிவப்பை எடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெட்டியைக் கார் வரைக்கும் நானே தூக்கிவந்தேன்.

அடுத்த வாரம் தங்காக்கில் ஒரு கல்யாணத்தில் அதை வைத்துத்தான் வாசிக்கப்போகிறான். எனக்கு முன்வரிசையில் இடம் பிடித்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறான்.