தண்ணீருக்குள் என்ன பேசினீர்கள், மாமா?

என் பிரியத்துக்குரிய மாமாவுக்கு,

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் இருக்கும்போதே ஒருமுறை கேட்டிருக்கிறேன். ஆங் மோ கியோ நீச்சல் குளத்தில் பக்கத்துப் பக்கத்துத் தடங்களில் நீந்திவிட்டு, ஓரத்தைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம். "தண்ணிக்குள்ள ஏதோ பேசுறீங்களா மாமா? சத்தம் கேக்குது" என்றேன். நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "சு… சும்மா மாப்ளே" என்று சிரித்தீர்கள். உடனே மறுபடி முங்கிவிட்டீர்கள்.

நானும் அதோடு விட்டுவிட்டேன். இப்போது எனக்குப் பதில் தேவைப்படுகிறது. உங்கள் பேத்தி தாராவுக்கும் பேச்சு திக்குகிறது, மாமா.

சொல்லின் முதல் எழுத்திலேயே நின்றுவிடுகிறாள். உங்களைப் போலவே கண்ணை இறுக்கிக்கொள்கிறாள். போன வாரம் பாலர் பள்ளியிலிருந்து வந்தவள் காலணியைக்கூடக் கழற்றாமல் கதவருகே நின்றாள். "இன்னிக்கு கதை சொல்ல என் டர்ன் வந்துச்சுப்பா. நா… நான் முடிக்கவே இல்ல. டீச்சர் நெக்ஸ்ட்னு சொல்லிட்டாங்க." அவள் அழவில்லை. நான் குனிந்து அவள் காலணியைக் கழற்றிவிட்டேன். மறுநாள் உங்கள் மகள் மீனா போய் ஆசிரியையிடம் பேசினாள். இனிமேல் நேரம் கொடுக்கிறேன் என்று அவரும் வருத்தத்தோடு சொன்னாராம்.

அன்றிலிருந்து உங்களையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உங்களுக்குத் திக்கும் என்பது குடும்பம் முழுக்கத் தெரிந்த விஷயம். தெரிந்ததாலேயே யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. ‘த’தான் உங்களுக்குப் பெரிய எதிரி. தேக்கா சந்தைக்குக் கிளம்பினால் "மார்க்கெட்டுக்குப் போறேன்" என்பீர்கள். அங்கே நுரை பொங்க ஆற்றித் தரும் தே தாரிக் தேநீர் குடிக்க ஆசை இருக்கும். கடைக்காரர் ஏறிட்டுப் பார்த்ததும் கோப்பி என்றுவிடுவீர்கள்.

சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் வேலை பார்த்த காலத்திலிருந்தே நீச்சல்தான் உங்கள் உடற்பயிற்சி. ஓய்வு பெற்ற பிறகு நண்பர்கள் காலை நடைக்குக் கூப்பிட்டார்கள். போக மறுத்துவிட்டீர்கள். இடி மின்னல் என்று விசில் ஊதி எல்லோரையும் குளத்திலிருந்து வெளியேற்றினால், துண்டைப் போர்த்திக்கொண்டு வானத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். நடக்கும்போது கூட வருபவரோடு பேச வேண்டும், நீந்தும்போது வேண்டியதில்லை, அதனால்தான் நீச்சல் என்று நானாக ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

அத்தையிடம் அதைச் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "பேசத்தான் அவரு அங்க போனாரு. தலைய உள்ள விட்டு மூச்ச விடும்போது சொல்லிப் பாப்பாராம். உள்ள நிக்காம வருதுன்னு சொல்லுவாரு."

"என்ன சொல்லிப் பாப்பாரு, அத்தை?"

"முன்னாடி என்னென்ன சொன்னாரோ. கடைசியா நீங்க வச்ச பேரத்தான். பிள்ளைக்கு தாரான்னு வச்சுட்டீங்க. அவருக்கு அந்த எழுத்து வராதே."

அந்தப் பெயரை முதன்முதலில் உங்களிடம் சொன்னபோது "ந… நல்லா இருக்கு" என்றீர்கள். வேறு பெயர் யோசிக்கலாமே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாற்றியிருப்போம். ஏன் சொல்லவில்லை? குழந்தையைக் கண்ணு, கண்ணு என்று மட்டுமே கூப்பிட்டீர்கள். அது வெறும் கொஞ்சல் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

"வெளிய எப்பவாச்சும் வந்துச்சா?" என்று கேட்டேன்.

"ஒரு நாள் சோறு போட்டுக்கிட்டு இருக்கேன். தாரா தூங்கிட்டாளான்னு கேட்டாரு. எங்கயும் நிக்கல. நான் கண்டுக்காத மாதிரி, தூங்கிட்டான்னேன். அப்புறம் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்ட்டாரு."

தண்ணீருக்குள் மட்டும் ஏன் அது தடையில்லாமல் வந்தது, மாமா? உங்கள் குரல் உங்களுக்கே வேறு மாதிரி கேட்டதாலா? மூச்சு ஒரே சீராகப் போனதாலா? இல்லை, முகத்தைப் பார்த்துக்கொண்டு எதிரில் யாரும் நிற்கவில்லை என்பதாலா? தாராவின் பேச்சுப் பயிற்சியாளரிடம் கேட்டேன். "சிலருக்கு அப்படி இருக்கலாம். எல்லாருக்கும் அப்படின்னு சொல்ல முடியாது. அவளுக்குத் தண்ணி பிடிச்சா கூட்டிட்டுப் போங்க. மருந்தா நினைச்சுக் கூட்டிட்டுப் போகாதீங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் மீனாவும் அவளைக் குளத்துக்குக் கூட்டிப்போனோம். தாத்தா தண்ணீருக்குள் பேசுவார் என்று சொன்னதும், "யார்கிட்ட?" என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை. யாரிடம் பேசினீர்கள்?

அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினாள். குமிழிகள் வந்தன. மேலே வந்து, "கே… கேட்டுச்சா?" என்றாள்.

"சத்தம் கேட்டுச்சு. என்னன்னு புரியல."

"அப்ப நீங்களும் உள்ள வாங்க லா."

இருவரும் முங்கினோம். கன்னத்தை உப்பிக்கொண்டு என் காதருகே ஏதோ சொன்னாள். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. இருமிக்கொண்டே மேலே வந்து வெகுநேரம் சிரித்தாள்.

பிறகு படியில் உட்கார்ந்து, வகுப்பில் சொல்ல வந்ததை என்னிடம் சொல்லத் தொடங்கினாள். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அவள் பார்த்த ஒரு நத்தையின் கதை அது. எடுத்த எடுப்பிலேயே நின்றாள். நடுவிலும் பல இடங்களில் நின்றாள். தண்ணீர் எதையும் சரிசெய்துவிடவில்லை, மாமா. மீனா துண்டை விரித்துப் பிடித்தபடி அசையாமல் நின்றிருந்தாள். மழை விட்டதும் நத்தை எந்தப் பூந்தொட்டிக்குப் பின்னால் போனது என்பதுவரை சொல்லிவிட்டு, "முடிஞ்சிருச்சு" என்றாள் தாரா. அவளுக்கு ஒரே பெருமை.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவள் தொடங்கும் வாக்கியத்தை நாங்கள் முடித்துவைக்க மாட்டோம். பின்னால் யார் அவசரப்பட்டாலும், அவளே நிறுத்தும்வரை நின்று கேட்போம்.

உங்கள் மீனாவின் கணவன், தாராவின் அப்பா,
உங்கள் மாப்ளே
கதிர்